புறப்பட இருப்போரின் பொறுமை

வீட்டை வாங்கிவிடுகிறோம்; ஆனால் உடனே குடிபோக முடிவதில்லை. கட்டட வேலை முடிந்திராது, அல்லது மின் இணைப்பு வந்திராது, அல்லது பிள்ளைகளின் பள்ளி ஆண்டு பாதியில் நிற்கும். கிரயப் பத்திரம் பெட்டிக்குள் இருக்க, நாம் ஆறு மாதமோ ஓராண்டோ பழைய வாடகைக் குடித்தனத்திலேயே காலம் தள்ளுகிறோம். ஒரு பக்கம் வங்கித் தவணை, மறுபக்கம் வாடகை என்று கழியும் இந்த இடைக்காலம் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் அறிந்ததே. அதன் பண நெருக்கடியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அக்காலத்தில் நம் செவிகளுக்கு நேர்வதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஒலிகள் அப்போது திடீரெனப் பொறுக்க முடியாதவை ஆகிவிடுகின்றன. பக்கத்துப் போர்ஷனில் விடியற்காலை நாலரைக்கு ஓடத் தொடங்கும் கிரைண்டர், மாடியில் நாற்காலியை இழுக்கும் ஓசை, எதிர் வீட்டுத் தொலைக்காட்சியில் இரவு பத்து வரை அழுது தீர்க்கும் தொடர்கள், முற்றத்துக் குழாயடியில் குடங்களோடு குடங்களாக மோதிக்கொள்ளும் வார்த்தைகள் - எல்லாம் நேற்று வரை இருந்தவைதாம். அளவில் ஒன்றும் கூடவில்லை. பத்திரம் பதிவான மறுவாரத்திலிருந்து, "இன்னும் எத்தனை நாள் இந்தச் சத்தத்தில் கிடப்பது?" என்ற கேள்வி மட்டும் வீட்டுக்குள் எழத் தொடங்குகிறது.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. அதுவரை நாம் காட்டியது உண்மையில் பொறுமைதானா என்பது ஒன்று. போகப்போகிறவர்கள், அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கடினமன்று. இரண்டாவது நம்மைச் சங்கடப்படுத்தக்கூடியது.

ஒண்டுக் குடித்தனம் என்னும் சொல்லிலேயே ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. ஒண்டுதல் என்றால் இடமில்லாதவன் ஓர் ஓரமாய் ஒட்டிக்கொண்டு நிற்பது. மழைக்குப் பிறர் வீட்டுத் திண்ணையில் ஒண்டுகிறோமே, அதுபோல. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கம் முதலிய சென்னையின் பழைய பகுதிகளில், ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடுகள் பின்னாளில் நான்கும் ஆறும் எட்டுமான குடித்தனங்களாகப் பிரிந்தன. முற்றத்தில் ஒரு குழாய். கொல்லைப்புறத்தில் கழிப்பறை ஒன்றோ இரண்டோ. கூடத்தின் குறுக்கே பலகையடித்து இரண்டு வீடாக்கியிருப்பார்கள். அந்தப் பலகை கண்ணுக்குத்தான் சுவர்; காதுக்கு அன்று. இன்று அத்தகைய வீடுகள் பல இடிபட்டு அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. ஆயினும் ஒரே கட்டடத்தை நான்கு குடும்பங்கள் வாடகைக்குப் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கை நம் நகரங்களில் எங்கும் தொடர்கிறது.

அத்தகைய வீட்டில் ஒலி என்பது தொந்தரவு மட்டும் அன்று. அது செய்தியும் ஆகும். குடத்தின் கணகணப்புக் கேட்டால் தண்ணீர் வந்துவிட்டதென்று பொருள். முன்கட்டுத் தாத்தாவின் இருமல் கேட்டால் மணி ஐந்து. கேட்கவில்லையென்றால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எழுதப்படாத சட்டங்களும் அங்கே உண்டு. மார்ச் மாதம் பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டை ஒட்டியவர்கள் கேட்காமலே வானொலியின் குரலைத் தணிப்பார்கள். ஒரு போர்ஷனில் சாவு விழுந்தால் மற்றப் போர்ஷன்களில் தொலைக்காட்சி அணைந்துவிடும். எத்தனை நாளைக்கு என்று யாரும் அறிவிப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இதைச் சொல்வதால் அந்த வாழ்க்கையைப் பொற்காலமாக்கிவிட நாம் விரும்பவில்லை. அங்கே நோயாளிக்கு உறக்கம் கிடையாது. புதுமணத் தம்பதியருக்குத் தனிமை கிடையாது. இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து படுப்பவரின் துன்பத்தைச் சொல்லி முடியாது. வெளியேற முடிந்தவர்களெல்லாம் வெளியேறினார்கள் என்பதே அந்த வாழ்க்கையைப் பற்றிய போதுமான சான்று.

அப்படியானால் நாம் அங்கே பொறுத்திருந்தது எதனால்? பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாததால். வேறு வழியில்லாதவன் தாங்கிக்கொள்வதைப் பொறுமை என்று அழைப்பது வழக்கமாயினும், அது அறமா அல்லது இயலாமையா என்பது வழி திறக்கும் நாளில்தான் தெரியவரும். வழி திறந்ததும் பொறுமை பறந்துவிட்டதென்றால், பெயரை மாற்றிக்கொள்வதே நேர்மை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இயலாமையும் மனித நிலைகளுள் ஒன்றே. ஆனால் கவனிக்க வேண்டிய வேறொன்று நிகழ்கிறது. உடல் பழைய வீட்டில் இருக்க, மனம் முன்னதாகவே புது வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது. சதுர அடிக்கு இத்தனை ஆயிரம் என்று பேரம் பேசிய மனம், அமைதியையும் அந்தச் சதுர அடிக்குள் அடங்கிய சரக்காக எண்ணத் தொடங்குகிறது. நேற்று வரை "நம் வீட்டில் ஒரே கூச்சல்" என்றவர்கள், இன்று "இவர்கள் போடும் கூச்சல்" என்கிறோம். நம்மோடு ஒண்டியிருந்தவர்கள் "இவர்கள்" ஆகிவிட்டார்கள்.

இம்மானுவேல் காண்ட் என்னும் ஜெர்மானிய மெய்யியலாரை அவருடைய அறக்கோட்பாட்டுக்காக அறிந்திருக்கிறோம். அவர் நெடுங்காலம் வாடகை அறைகளில் வாழ்ந்தவர் என்பதும், இரைச்சலுக்கு அஞ்சி வீடு மாறியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படாத செய்திகள். கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு புத்தக வணிகரின் வீட்டில் அவர் குடியிருந்தபோது, அண்டை வீட்டுச் சேவல் ஒன்று அவர் சிந்தனையைக் குலைத்துவந்தது. அந்தச் சேவலை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் காண்ட் முன்வந்தார். சேவலுக்கு உரியவர் விற்க மறுத்துவிட்டார். ஒரு சேவல் ஓர் அறிஞருக்கு எப்படித் தொல்லை தரமுடியும் என்பது அந்த மனிதருக்கு விளங்கவேயில்லையாம். மெய்யியலார் வீடு மாறினார். சேவல் தன் இடத்திலேயே இருந்தது. பின்பு 1783ஆம் ஆண்டின் இறுதியில், தம் 59ஆம் வயதில், காண்ட் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். அதுவோ சிறைச்சாலைக்கு அருகில் அமைந்துவிட்டது. அங்கே கைதிகள் திறந்த சன்னல்களின் வழியே பக்திப் பாடல்களை உரக்கப் பாடினார்கள். 1784 ஜூலையில் காண்ட், நகரத் தலைவராக இருந்த தம் நண்பர் ஹிப்பெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். சன்னல்களை மூடிக்கொண்டு, தங்கள் காதுக்குக் கேட்கும் அளவில் பாடினால் அவர்களுடைய ஆன்மாவுக்கு எந்தக் குறையும் நேராது என்பது அதன் சாரம். அவருடைய மனத்தாங்கல் எளிதில் ஆறவில்லை. 1790இல் வெளியான பெருநூல் ஒன்றின் அடிக்குறிப்பிலும், வீட்டு வழிபாட்டின்போது பாடி அயலாரின் அமைதியைக் கெடுப்போரை அவர் கண்டித்திருக்கிறார்.

இதை வாசிக்கும்போது முதலில் புன்னகை எழுகிறது. பிறகு ஒன்று உறுத்துகிறது. காண்ட் கேட்டது பெரிதன்று. பாடாதே என்று அவர் சொல்லவில்லை; தணித்துப் பாடு, சன்னலைச் சாத்து என்றே கேட்டார். அயலாரிடம் கேட்கத்தக்க நியாயமான கோரிக்கைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. ஆனால் அவர் கேட்ட இடம்தான் சிந்தனைக்குரியது. சேவலைப் பற்றி அதன் சொந்தக்காரரிடமே பேசினார். அவரும் முடியாதென்று முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. பாடியவர்களைப் பற்றியோ நகரத் தலைவரிடம் பேசினார். அவர்கள் கைதிகள்; மறுமொழி சொல்லவும் முடியாது, வீடு மாறவும் முடியாது. வாடகைக்கு இருந்த காண்டுக்கும் வீடு வாங்கிய காண்டுக்கும் இடையில் நேர்ந்த இம்மாற்றம் நம்மில் பலருக்கும் நேர்வதுதான். அவரேனும் தம் வீட்டிலேயே இருக்கப்போகிறவராகக் கேட்டார். நாமோ போகிற போக்கில் கேட்கிறோம்.

காண்டுக்குப் பின் இலண்டனில் வாழ்ந்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல், 1834 முதல் தம் இறப்பு வரை ஒரே வாடகை வீட்டில் இருந்தவர். அவரும் அண்டை வீட்டுக் கோழிகளால் அவதியுற்று, 1853இல் பெருஞ்செலவில் மொட்டை மாடியின்மேல் ஒலி புகாத அறையொன்றைக் கட்டச் செய்தார். ஒலி புகுந்தது. அவர் மனைவி ஜேன் அம்மையார் அண்டை வீட்டாரோடு நயமாகப் பேசிச் சில கோழிகளை அப்புறப்படுத்தச் செய்ததே, செங்கல்லையும் சுண்ணாம்பையும்விட மிகுந்த பயன் தந்ததெனத் தோன்றுகிறது.

நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். வாடகைக் குடித்தனத்தில் இரைச்சல் என்றால் நாம் முதலில் நாடுவது வீட்டுக்காரரை. அதுவே நாகரிகம் என்றும் எண்ணுகிறோம். நேருக்கு நேர் மனக்கசப்பு இல்லாமல் முடிந்துவிடுமே! ஆனால் வீட்டுக்காரரின் கையில் இருப்பது என்ன? தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடப்பிலிருந்த 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அதே கட்டடத்தில் இருப்போருக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ தொல்லை தருவது, குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் அதன் இடத்தில் புதிய சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. எழுதிய ஒப்பந்தமே இல்லாமல் முன்பணத்தை மட்டும் கொடுத்துக் குடியிருப்போருக்கு எந்தச் சட்டமும் அவ்வளவாகத் தெரியாது. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அடுத்த மாதம் வேறிடம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். எனவே நாம் போகிற போக்கில் வீசிவிட்டுப் போகும் ஒரு சொல், நாம் போன பிறகு ஒரு குடும்பத்தின் பாத்திரபண்டங்களைத் தெருவில் இறக்கக்கூடும். இன்னும் ஆறு மாதம் கேட்க வேண்டிய ஓசைக்காக ஆறு ஆண்டு வாழ்ந்த இடத்திலிருந்து ஒருவரைப் பெயர்ப்பது நியாயமான கணக்காகாது. நாமும் அதே வீட்டுக்காரருக்கு அஞ்சி வாழ்ந்த நாள்களில் இப்படிப் புகார் செய்யத் துணிந்திருக்க மாட்டோம், "அவர்கள் திருப்பிச் சொன்னால்?" என்ற அச்சம் நம்மையும் கட்டியிருக்கும். இப்போது நம்மைக் கட்டுவது எதுவுமில்லை. ஆகையால்தான் இங்கே எச்சரிக்கை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

அரசின் சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. அந்த வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் முறையிடலாம். இருவர் அருகருகே நின்று இயல்பாகப் பேசும் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும் என்பதை எண்ணினால், பலகைத் தடுப்பு வீடுகளை இந்த எண்களைக் கொண்டு ஆள முடியாது என்பது விளங்கும். ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் நள்ளிரவு மேளத்துக்கும் இச்சட்டம் வேண்டும். அங்கே அதை நாடுவதில் தயக்கம் வேண்டா. நாலரை மணிக் கிரைண்டருக்கு வேறு வழிதான் வேண்டும்.

அந்த வழி நமக்குத் தெரியாததன்று. கூச்சத்தாலோ கோபத்தாலோ அதில் நடப்பதில்லை. கோபம் தலைக்கேறிய விடியற்காலையில் கதவைத் தட்டாமல், மாலையில், அவர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சென்று கேட்கலாம். "அக்கா, இவ்வளவு காலையில எழுந்து அரைக்கணுமா உங்களுக்கு?" என்ற ஒரு கேள்விக்குப் பிறகே நமக்குத் தெரியவரும், அந்த மாவு ஆறு மணிக்குள் இட்லிக் கடைக்குப் போயாக வேண்டியது என்று. கிரைண்டரை நடுச்சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, அடியில் நாலாய் மடித்த சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டால் பாதி ஓசை தணிந்துவிடும். இயந்திரத்தின் அதிர்வு தரைவழியாகவும் சுவர்வழியாகவும் பரவுவதுதான் நம்மை எழுப்புகிறதே தவிர, காற்றில் வரும் ஒலி அவ்வளவு அன்று. நாற்காலிக் கால்களுக்கும் இதே மருத்துவம் உண்டு. செலவு சில பத்து ரூபாய். வீடு வாங்கியிருக்கும் நாமே அதை வாங்கிக் கொடுத்தாலும் கெட்டுப்போவதில்லை. ஆனால் கொடுக்கும் கையில் மமதை இருந்தால் அந்தச் சாக்கு அங்கே விரிக்கப்படாது.

எல்லா அயலாரும் இப்படி இணங்கிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. "உனக்குத்தான் வீடு இருக்கே, போயேன்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொல் நமக்குச் சுடுகிறது. ஆனால் அதிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: நமக்கு வீடு கிடைத்தது அவர்களுக்கும் தெரியும்; அது அவர்களுக்குள் ஒரு வலியைக் கிளப்பியிருக்கிறது. நம் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று அவர்கள் தொலைக்காட்சியின் ஒலி சற்றே கூடியிருந்தால் அதற்குக் காரணம் காது மந்தமன்று.

இனி, இவ்வகைக் குடித்தனங்களில் எல்லாரும் அறிந்திருந்தும் யாரும் எடுத்துப் பேசாத ஒன்று இருக்கிறது. இரைச்சல் என்று நாம் பெயரிடும் ஒலிகளுள் சில இரைச்சல் அல்ல. இரவு பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறவன் மனைவியை அடிக்கிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். பிள்ளைகள் "வேணாம்ப்பா" என்று கத்துகின்றன. பலகைக்கு இப்பால் நாம் புரண்டு படுத்து, "இந்தச் சனியன் பிடித்த சத்தம் இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டதே" என்கிறோம். மின்விசிறியை வேகமாக வைக்கிறோம். மறுநாள் காலை குழாயடியில் அவள் முகத்தைப் பாராமல் குடத்தை நகர்த்திக் கொடுக்கிறோம். குடும்ப விவகாரம், நாம் தலையிட்டால் நாளை இருவரும் ஒன்றாகிவிடுவார்கள், நமக்குத்தான் பகை என்ற நியாயங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றுள் சில மெய்யாகவும் இருக்கலாம். அதே வீட்டில் தொடர்ந்து வாழ வேண்டியவர்களுக்கு அந்தப் பகை சாதாரணமானதன்று.

ஆனால் போகப்போகிறவர்களுக்கு? குழாயடிப் பகை நம்மை இனி என்ன செய்துவிடும்? ஆறு மாதத்தில் நம் முகவரியே வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, அத்தகைய கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கோ பொறுப்போ சாராது என்றும் அதே பிரிவு கூறுகிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. எண்ணைச் சுழற்றுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் தனியே பேசி, அவள் விரும்புவது என்ன, அஞ்சுவது என்ன என்று கேட்பது நலம். நாம் அவசரத்தில் செய்யும் உதவி அவள்மீதே அடியாகத் திரும்பக்கூடும். அடிபடுவது குழந்தையாயின், அல்லது உயிருக்கே ஆபத்தென்று தோன்றின், கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. புது வீட்டின் வாசற்கதவுக்கு என்ன மரம் என்று அதே இரவில் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்த வீட்டிலேயே அச்சமின்றிப் பேசக்கூடியவர்கள் நாம் மட்டுமே என்பது தோன்றுவதில்லை. வீடு வாங்கியதால் நமக்குக் கிடைத்த விடுதலைகளுள் இதுவும் ஒன்று. இந்த விடுதலையைச் செலவிடாமலே நாம் குடிபெயர்ந்துவிடுகிறோம். "அப்பாடா, இனி அந்தக் கூச்சல் இல்லை" என்று நிம்மதி கொள்கிறோம். கூச்சல் ஓயவில்லை, நம் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவே.

'அயல்' என்னும் சொல்லைத் தமிழ் இரு பொருளில் வழங்குகிறது. அயல்வீடு என்றால் மிக அருகிலிருப்பது. அயல்நாடு என்றால் நமக்கு வேறானது. யார் என் அயலான் என்று நற்செய்தியில் வினவிய சட்ட அறிஞருக்குக் கிடைத்த விடை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றியது. அவனைக் கண்டும் விலகிச் சென்றவர்கள் தீயவர்களாகக் காட்டப்படவில்லை. போகும் இடம் உள்ளவர்களாகவே தோன்றுகிறார்கள். பலகைத் தடுப்புக்கு அப்பால் கிடப்பவளைக் காண்பதுகூட இல்லை, கேட்கத்தான் முடியும்.

புது வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் வீடு வாங்கும் நாம் பத்திரத்தில் ஒரு சொற்றொடரைக் காண்கிறோம்: மனையில் பிரிக்கப்படாத பாகம். கட்டடம் நம் பெயரில். அதன் கீழுள்ள நிலமோ எல்லாருக்கும் பொது, யாருடைய பங்கு எந்த மூலை என்று கோடு கிழிக்க முடியாது. அமைதியும் அத்தகைய பிரிக்கப்படாத பாகமே என்று நமக்குத் தோன்றுகிறது. நம் தரை இன்னொருவரின் கூரை. நாம் குடிபோகும் முன்பே அங்கு இரைச்சல் செய்யத் தொடங்கிவிடுகிறோம்: தரை ஓடு அறுக்கும் கருவி, சுவரைத் துளைக்கும் கருவி, அலமாரி செய்யும் தச்சரின் சுத்தியல். இரண்டு மாதம், மூன்று மாதம். கீழ்வீட்டில் பச்சிளங்குழந்தை இருக்கிறதா, பகலில் உறங்குபவர் இருக்கிறாரா என்று நாம் விசாரிக்கிறோமா? குருவானவரை அழைத்து வீடு மந்திரிக்கும் நாளில் மாடிப்படியெங்கும் ஒலிபெருக்கிக் கம்பி ஓடுகிறது. அன்றுதான் அக்கம்பக்கத்தார் நம்மை முதன்முறை சந்திக்கிறார்கள், காதுகளால்.

ஒலிபெருக்கி பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுவோம். சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் அதன் அக்கம்பக்கத்தில் குடியிருந்தோருக்கும் எழுந்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபாடு நடத்துமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அது வேறு சபை, நாம் அல்ல என்று ஒதுங்கிக்கொள்வது எளிது. கொடியேற்றத்தன்று விடியுமுன் முழங்கும் நம் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு எதிரே குடியிருப்பவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

குடியேறிய சில ஆண்டுகளில் நாம் உரிமையாளர் சங்கத்தின் கூட்டங்களில் உட்காருகிறோம். இரைச்சல் பற்றிய பேச்சு அங்கும் எழும். "எல்லாம் வாடகைக்கு வந்தவர்கள் செய்வது" என்று ஒருவர் தொடங்குவார், பலர் தலையசைப்பார்கள். மின்தூக்கியில் ஓடுகிற பிள்ளைகள், இரவில் வண்டியை உறுமவிடும் இளைஞர்கள், மணமாகாத நால்வர் சேர்ந்து எடுத்த வீடு. வாடகைக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இருக்காது; தம் பக்கத்தைச் சொல்ல வழியும் இருக்காது. ஒண்டுக் குடித்தனத்தின் முற்றத்தில் குழாயடியிலேனும் எல்லாருக்கும் குரல் இருந்தது. அந்தக் கூட்டத்தில், வாடகை வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்த ஒருவர் எழுந்து, "அந்தப் பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா?" என்று வினவினால் கூட்டம் சற்று நேரம் மௌனமாகும். அந்த மௌனத்துக்காகவேனும் எழுந்து கேட்கலாம்.

பழைய வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே இன்னும் ஒரு கடன் மீதமிருக்கிறது. நாம் காலி செய்யப்போகும் செய்தி பரவியதும் வாசலில் 'டுலெட்' பலகை தொங்கும். வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பெரும்பாலும் பகலில், புதிதாய் மணமான இருவர், அல்லது கிராமத்திலிருந்து பிள்ளையின் படிப்புக்காக வந்த ஒரு குடும்பம். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், காற்று வருமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி அந்த அம்மா கேட்பாள்: "அக்கம்பக்கமெல்லாம் எப்படிங்க?" என்ன சொல்வது? எல்லாம் நல்ல மனிதர்கள் என்று சொன்னால், நம் போர்ஷன் விரைவில் போகும், வீட்டுக்காரர் முன்பணத்தைத் தாமதமின்றித் திருப்பித் தருவார். கிரைண்டரையும் தொலைக்காட்சியையும் இரவுக் கலவரத்தையும் அடுக்கினால், அங்கே இருப்பவர்களைப் பற்றி, அவர்கள் இல்லாத இடத்தில், அவர்களை இனிமேல்தான் அறியப்போகிறவர்களிடம் முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னவர்கள் ஆவோம். புதிதாக வருபவள் அந்தக் கிரைண்டர்க்கார அக்காவை முதல் நாளிலிருந்தே முறைத்துப் பார்ப்பாள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விடை இருக்கிறது. இப்போது பார்த்தது பகலில். ஒருமுறை இரவு எட்டு மணிக்கு மேலும் வந்து சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லலாம். வரும்போது நாமே அவர்களை அழைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு போர்ஷன் வாசலிலும் நிறுத்தி, இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்து வைக்கலாம். முன்கட்டுத் தாத்தா ஐந்து மணிக்கு இருமுவார், இருமாத அன்று எட்டிப் பாருங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.